வென்றவரின் தலையிலும் அடி விழுந்தது

1975 ஜூலை 1ஆம் நாள், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலியும் ஜோ பக்னரும் மோதினார்கள். 15 சுற்றுகள் முடிந்ததும் அலி புள்ளிகளில் வென்றார். சிரம்பானிலிருந்து பேருந்து ஏறினால் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில் உலக வாகையர் நின்ற நாள் அது. அன்று நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த இளைஞர்கள் இன்று தாத்தாக்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் பட்டணத்துக் கூடங்களில் கையுறை மாட்டிக்கொண்டு குத்துச்சண்டையும் மற்ற சண்டைக் கலைகளும் பழகுகிறார்கள்.

அதை நிறுத்தச் சொல்ல நான் வரவில்லை. அந்தி நேரத்தில் ஒரு பையனைக் குண்டர் கும்பல் பக்கம் போகவிடாமல் பிடித்து வைக்கும் எதையும் நான் வரவேற்பேன். ஆனால் தலையில் விழும் அடி என்ன செய்யும் என்பது அவனுக்கும் அவனைப் பெற்றவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பேச்சில் தெரிந்த தேய்மானம்

கோலாலம்பூர் சண்டை நடந்து சரியாக மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 1ஆம் நாள், மணிலாவுக்குப் பக்கத்திலுள்ள கேசோன் நகரில் அலி ஜோ ஃபிரேசரைச் சந்தித்தார். கொளுத்தும் வெக்கையில் 14 சுற்றுகள். ஃபிரேசரின் கண் வீங்கி மூடிக்கொண்டது. அவர் இன்னும் ஆடுவேன் என்று அடம்பிடித்தார். பயிற்சியாளர் எடி ஃபட்ச் 15ஆம் சுற்றுக்கு அவரை அனுப்பவில்லை. வெற்றி அலிக்கு. சாவை நெருங்கியது போலிருந்தது என்று பிறகு சொன்னவரும் அலிதான்.

1977 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸ். மறுபடியும் 15 சுற்றுகள், மறுபடியும் வெற்றி. அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேக்கோ இனிப் போதும் என்றார். யாரும் கேட்காததால் அவர் விலகிப் போனார். 1980 தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சிப் போட்டி ஆடினார். அதே ஆண்டு அக்டோபரில், 38 வயதில், லாரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்றுகள் அடி வாங்கினார். பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி அத்தோடு நிறுத்தினார். அதற்குப் பிறகும் 1981 டிசம்பரில் ஒரு சண்டை, ஒரு தோல்வி.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலியின் பழைய பேட்டிகளை எடுத்து, ஒரு நொடிக்கு எத்தனை அசை பேசினார் என்று எண்ணிப் பார்த்தார்கள். 1968க்கும் 1981க்கும் இடையில் அவர் பேச்சின் வேகம் 26 விழுக்காடு குறைந்திருந்தது. ஷேவர்ஸ் சண்டைக்கு முன் நொடிக்கு 3.7 அசை, அதன் பின் 3.1. பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர்கள் உறுதி செய்ததோ 1984இல்தான். அந்த நோய்க்குக் குத்துச்சண்டை எந்த அளவுக்குக் காரணம் என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் எதிரியைப் பேசியே கலங்கடித்த அந்த நாக்கு, அவர் இன்னும் மேடையேறிக்கொண்டிருந்த காலத்திலேயே தளரத் தொடங்கிவிட்டது. அவரைத் தேய்த்தவற்றில் அவர் வென்ற சண்டைகளும் உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

மண்டைக்குள் நடப்பது

மூளை ஏறக்குறைய 1.4 கிலோ எடையுள்ள மெத்தென்ற பொருள். கிட்டத்தட்ட தோஃபு மாதிரி. மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கிறது. தாடையில் பக்கவாட்டுக் குத்து விழுந்தால் தலை சட்டென்று திரும்பும். மூளை ஒரு கணம் பின்தங்கித் திரும்பும். அந்த முறுக்கலில் நரம்பிழைகள் இழுபடுகின்றன. மூளையையும் அதன் உறையையும் இணைக்கும் மெல்லிய இரத்தக் குழாய் அறுந்தால் உள்ளே இரத்தம் கசிந்து மூளையை நெருக்கும்.

அடி வாங்கி வாங்கித் தடுமாறும் குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928லேயே எழுதிவிட்டார். மயங்கி விழுந்தால்தான் பாதிப்பு என்பதில்லை. பயிற்சியில் அன்றாடம் விழும் சின்ன அடிகளும் சேர்ந்துகொண்டே வரும். கையுறை காப்பது குத்துகிறவரின் விரலெலும்பை. தலைக்கவசம் தோல் கிழியாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அது தடுப்பதில்லை.

லண்டனில் வீணான நிமிடங்கள்

1991 செப்டம்பர் 21. லண்டனில் கிரிஸ் யூபேங்குடன் மோதிய மைக்கேல் வாட்சன் கடைசிச் சுற்றில் நிலைகுலைந்தார். மேடையோரம் உயிர்காக்கும் கருவி இல்லை. முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் மூளை அறுவை சிகிச்சைக்கு வசதி இல்லாததால் இன்னொன்றுக்கு மாற்ற வேண்டியிருந்தது. 40 நாள் நினைவின்றிக் கிடந்தவர், பிறகு நடக்கவும் பேசவும் புதிதாகக் கற்றார். பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியம் போதிய மருத்துவ ஏற்பாடு செய்யவில்லை என்று அவர் தொடுத்த வழக்கில் 1999இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. 2003இல் லண்டன் மராத்தான் தூரத்தை ஆறு நாளில் நடந்து முடித்தார்.

தலைநகரின் நடுவிலேயே நிமிடங்கள் இப்படிப் போயின. செம்பனைக் காட்டுக்கு நடுவே செம்மண் சாலையில் போக வேண்டிய தோட்டத்தை நினைத்துப் பாருங்கள்.

திடலில் அடிபட்டால்

இந்தத் தலையடி ஆபத்து குத்துச்சண்டைக்கு மட்டும் உரியதல்ல. பந்து விளையாட்டில் தலைகள் மோதினாலும், சிலம்பக் கம்பு பட்டாலும், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தாலும் மூளைக்கு ஒன்றுதான். “ஒன்னும் இல்லம்மா, லேசா தலவலி” என்பான் பையன். தைலம் தேய்த்து, பனடோல் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறோம். உள்ளே இரத்தம் கசிகிறவர் சில மணி நேரம் நன்றாகப் பேசி நடமாடவும் கூடும் என்பதுதான் இதில் பயங்கரம்.

அடிபட்டவனை அன்று மறுபடி விளையாட விடாதீர்கள். முதல் நாள் முழுக்க ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சுக் குழறுவது, ஆள் அடையாளம் தெரியாமல் விழிப்பது, ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாவது, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம் – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 999ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிரம்பான், போர்ட்டிக்சன், கோலா பிலா, ஜெம்போல் அரசு மருத்துவமனைகளில் உங்களுக்கு எது பக்கம் என்பதை இன்றே வீட்டில் எல்லாரும் தெரிந்து வைத்திருங்கள்.

முதல் அடி ஆறுமுன் விழும் இரண்டாவது அடி இளம் பிள்ளைகளின் மூளையைத் திடீரென வீங்கச் செய்து உயிரையே எடுத்துவிடலாம். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கையுறை அலமாரியிலேயே இருக்கட்டும். பிள்ளையைச் சேர்க்கும் முன், “அடிபட்டா யாரு நிறுத்துவாங்க மாஸ்டர்? ஆம்புலன்ஸ் எங்க நிக்கும்?” என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பிள்ளையை விட வேண்டாம்.