கல்வராயனிலிருந்து ஃபேர்லேண்ட்ஸ் எவ்வளவு தூரம்?

சேலம் நகரின் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி தேட வேண்டியதில்லை. எதில் சேர்வது என்பதுதான் கேள்வி. அதே மாவட்டத்தில் கல்வராயன் மலைமேல், கருமந்துறையைச் சுற்றியுள்ள குக்கிராமங்களில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) இடுப்புவலி எடுத்தால், வண்டி எப்போது வரும் என்பதே முதல் கவலை.

2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 49 தாய்மார் இறந்தார்கள், நாடு முழுவதும் சேர்த்து 93. பெருமைதான். ஆனால் அந்த எண்ணில் மலையும் சமவெளியும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அமெரிக்காவில் இனவாரியாகப் பிரித்து எண்ணுகிறார்கள். 2023இல் வெள்ளையரைவிடக் கறுப்பினத் தாய்மாரின் இறப்பு விகிதம் மூன்று மடங்குக்கும் மேல் என்று அதனால்தான் தெரிந்தது. நம்மிடம் பழங்குடிக்கு அப்படி ஒரு தனி எண் வெளிவருவதில்லை.

பிள்ளை பிறந்தபின் கர்ப்பப்பை சரியாகச் சுருங்காவிட்டால் ரத்தம் கொட்டும். ஏற்கெனவே ரத்தசோகை உள்ள உடம்பு அதை வெகுநேரம் தாங்காது. அதனால் தாமதமே எதிரி: கிளம்பத் தாமதம், போய்ச்சேரத் தாமதம், போன இடத்தில் சிகிச்சை தொடங்கத் தாமதம்.

நடுவில் உள்ள தாமதத்தைக் குறைக்க 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. அதைவிட எனக்குப் பிடித்த யோசனை, மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமைத்த பிரசவ காத்திருப்பு அறை. தேதி நெருங்கும்போதே துணைக்கு ஒருவரோடு வந்து தங்கிவிடலாம். வலி எடுத்தபின் வண்டிக்கு அலைய வேண்டாம். ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளைகள், ஆடுகள், மரவள்ளிக் காடு எல்லாம் யார் பொறுப்பில்? துணைக்கு வருபவரின் கூலியும் போகும். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவே வருகிறது. மீதிப் பணமும் தவணை தவணையாகத்தான். கிளம்பத் தயங்குவதை அறியாமை என்று சொல்வது எளிது.

கடைசித் தாமதத்தில் ஊழியர்கள் பேசும் விதமும் சேரும். அதட்டும் வார்டுக்கு அடுத்த முறை யாரும் சீக்கிரம் வரமாட்டார்கள். பிரசவ அறையில் கூட ஒரு பெண் உறவினர் இருக்கலாம் என்ற அனுமதி அரசு மருத்துவமனைகளில் உண்டு. அதைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.

ஒவ்வொரு தாய் மரணத்தையும் மாநிலம் தணிக்கை செய்கிறது. வலி எப்போது எடுத்தது, வண்டி எப்போது வந்தது, ரத்தம் எப்போது ஏற்றினார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகும். பெயர்களை நீக்கி அதை மலைவாரியாக வெளியிட்டால், எந்த ஊருக்குச் சாலை வேண்டும், எங்கே ரத்தம் வேண்டும் என்று ஊராரே கேட்பார்கள்.