உங்களுக்குத் தெரியுமா? எட்டயபுரம் வரை வந்த பிரிட்டிஷ் மெட்டு!

பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில் ஒரு சமஸ்கிருதப் பாடல் உண்டு! கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதர் இயற்றிய 'சந்ததம் பாஹிமாம்'தான் அது. ஆங்கிலேயரின் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு அவர் புனைந்த 'நோட்டு ஸ்வர'ப் பாடல்களில் ஒன்று. 1835-இல் தீட்சிதர் மறைந்தது, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரத்தில், சமாதியும் அங்கேதான்.

அவர் குடும்ப வழிவந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற ஸ்வரக் குறிப்பு நூல் 1904-இல் அதே ஊரில் அச்சேறியது. கர்நாடகப் பாடல்களை மேலைநாட்டு ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதிவந்த ஏ.எம். சின்னசாமி முதலியாரின் தூண்டுதலே இதற்குக் காரணம். நூலில் ஸ்வரங்களோடு கமகக் (ஸ்வரத்தை அசைத்து அழகூட்டும் முறை) குறிகளும் இடம்பெற்றன: கம்பிதத்துக்கு (ஸ்வர அசைவு) நெளிகோடு, ஜாருவுக்கு (ஸ்வரம் விட்டு ஸ்வரம் வழுக்குதல்) சாய்கோடு. தீட்சிதர் கிருதிகளுக்கு இன்றும் இதுவே மூலநூல்.