‘சேது’வுக்கு முன்பும் விக்ரம் நல்ல நடிகர்தான்

மதுரை–ராமநாதபுரம் ஏரியாவில் படப்பெட்டியோடு ஊர் ஊராகப் போன ரெப், அதாவது விநியோகஸ்தரின் பிரதிநிதி நான். காட்சி தொடங்கியதும் கவுண்டருக்குப் போய், எந்த வகுப்பில் எத்தனை டிக்கெட் போயிற்று என்று டி.சி.ஆர். என்னும் தினசரி வசூல் தாளில் எழுதி வாங்க வேண்டியிருந்தது. நல்ல நடிகர் வசூல் இல்லாமல் நட்சத்திரம் ஆக முடியுமா என்று இன்றைக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். முடியாது என்றுதான் சொல்வேன், வருத்தத்தோடு.

விக்ரமையே பாருங்கள். 1990-இல் ‘என் காதல் கண்மணி’யில் அறிமுகம். அடுத்த சில வருடங்களில் ஸ்ரீதர், பி.சி.ஸ்ரீராம், விக்ரமன் என்று பெரிய இயக்குநர்கள் அவரை நாயகனாக்கினார்கள். ஒன்றும் எடுபடவில்லை. ‘அமராவதி’யில் அஜித்துக்கும் ‘காதலன்’ படத்தில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தது அவர்தான். அந்தக் குரலைக் கேட்டு தியேட்டரில் கைதட்டியவர்களுக்கு அவர் பேர் தெரியாது. திறமை அன்றைக்கும் அதே திறமைதான்.

பாலாவின் முதல் படமான ‘சேது’ முடிந்தும் வாங்க ஆளில்லாமல் கிடந்தது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள், பணம் போடத்தான் தயங்கினார்கள். காரணம் எளிது. எம்.ஜி. என்று ஒரு முறை உண்டு. படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு என்று விநியோகஸ்தர் முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். நஷ்டம் வந்தால் அவர் தலையில். அந்தப் பணம் கதைக்காகக் கொடுப்பதல்ல, போஸ்டரில் இருக்கும் முகத்துக்காகக் கொடுப்பது. விக்ரம் முகத்துக்கு அன்று விலை இல்லை.

1999 டிசம்பரில் படம் வந்தபோது நான் இருந்த தியேட்டரில் முதல் வாரத் தாள்களைப் பார்க்கவே மனசு வரவில்லை. பெஞ்சு டிக்கெட் கொஞ்சம், பால்கனி ஏறக்குறைய காலி. அடுத்த வாரம் பால்கனி பக்கம் எண் ஏறியது. ஒருமுறை பார்த்தவர்கள் வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மொட்டைத் தலையும் ஒடுங்கிய உடம்புமாக விக்ரம் வரும் கடைசிப் பகுதியில் அரங்கில் ஒரு விசில் கிடையாது. கதவோரம் நின்ற ஆபரேட்டர் பையன் அழுதுகொண்டிருந்தான். சினிமாவே அவனுக்குச் சலித்துப்போன தொழில்! படம் 100 நாள் படமானது.

ஆனால் ‘சேது’ அவரை மதிக்க வைத்ததே தவிர, நட்சத்திரமாக்கவில்லை. அதைச் செய்தவை ‘தில்’, ‘ஜெமினி’, ‘தூள்’. 2003 மே மாதம் ‘சாமி’ வந்தபோது விமர்சனத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. முதல் காட்சிக்கே கேட்டை மூட வேண்டியிருந்தது. இதைத்தான் தொழிலில் ஓப்பனிங் என்கிறோம். படம் எப்படி என்று தெரியும் முன்பே, பேரை நம்பி வரும் கூட்டம். நல்ல நடிப்புக்குக் கூட்டம் மெதுவாகச் சேரும். அது வரைக்கும் தியேட்டர்காரர் படத்தை வைத்திருக்க மாட்டார்.

அதே வருடம் தீபாவளிக்கு ‘பிதாமகன்’. நாயகன் சித்தன் சுடுகாட்டில் வளர்ந்த வெட்டியான், வாய்திறந்து பேசுவதே அரிது. சண்டைப் படம் பார்த்துப் பழகிய கூட்டம் அந்தச் சித்தனைப் பார்க்க வந்ததற்கு ‘சாமி’யும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம். தேசிய விருது அந்த வேடத்துக்குத்தான் கிடைத்தது. வசூல் படங்களை மட்டமாகப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிறகு ‘ராஜபாட்டை’, ‘சாமி ஸ்கொயர்’ என்று சறுக்கல்கள் வந்தன. ஆனாலும் 2024-இல் வெளிவந்த ‘தங்கலான்’ போன்ற பெரிய படத்தை அவரை நம்பித் தொடங்க முடிந்தது. ஒருமுறை ஏறிய பேர் அவ்வளவு சீக்கிரம் இறங்குவதில்லை.

அந்த ஏற்றம் கிடைக்காதவர் ரகுவரன். 1982-இல் ‘ஏழாவது மனிதன்’ படத்தில் நாயகனாகத் தொடங்கியவர். நாயகன் வேடம் நிலைக்கவில்லை. வில்லனாகவும் அப்பாவாகவும் கொண்டாடினோம். ‘பாட்சா’வில் அவர் இல்லாமல் ரஜினியின் கோபத்துக்கே பாதி பலம் இருந்திருக்காது. என்றாலும் அவர் பேரை மட்டும் நம்பி எம்.ஜி. கொடுக்க எங்கள் ஏரியாவில் ஒரு விநியோகஸ்தரும் துணிந்ததில்லை. எங்கள் முதலாளியும்தான். 2008-இல் ரகுவரன் போய்ச் சேர்ந்தார். அவருக்கென்று ஒரு ‘பிதாமகன்’ எழுதப்படாமலே போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.