ஒரு முகம், பல முறைகள்: முகத்தளர்வு நீக்கும் சத்திரசிகிச்சை பற்றிய ஓர் ஆய்வு

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. அகத்தின் நிலையை மட்டுமன்றி, அகவையின் வரவையும் முதலிற் புலப்படுத்துவது முகமேயாகும். கன்னம் சரிதலும், தாடையின் ஓரம் தன் நேர்மையை இழத்தலும், கழுத்தில் தோல் தொங்குதலும் முதுமையின் இயல்பான குறிகள். இக்குறிகளைச் சத்திரசிகிச்சையாற் குறைக்கும் முறையை ஆங்கிலத்தில் ‘ஃபேஸ்லிஃப்ட்’ என வழங்குவர். தமிழில் இதனை முகத்தளர்வு நீக்கும் சத்திரசிகிச்சை எனலாம். காதின் முன்னும் பின்னும் கீறி, தோலையும் வேண்டுமிடத்து அதன்கீழுள்ள இழையங்களையும் விடுவித்து, மேல்நோக்கி உயர்த்தி நிறுத்தி, மிகுந்த தோலை நீக்கித் தைப்பதே இதன் சுருக்கமாகும்.

இச்சிகிச்சையை நாடுவோர்க்கு எழும் ஐயம் ஒன்றுண்டு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் ஒருவர் இதன்பொருட்டு இரு வைத்தியரை அணுகுவாராயின், இருவேறு விடைகளைப் பெறுதல் கூடும். சிறு கீறல் போதும், பத்து நாளில் வெளியே செல்லலாம் என்பார் ஒருவர். ஆழ்ந்த படலம்வரை செல்லல் வேண்டும், ஒரு மாதம் பொறுத்திருத்தல் வேண்டும் என்பார் மற்றவர். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழும் உறவினர் தொலைபேசியில் மூன்றாவது கணக்கொன்று சொல்வார். இவற்றைக் கேட்டவர், இருவரில் ஒருவர் அறியாதவர் என்றோ, குறைந்த நாள் சொன்னவரே கைதேர்ந்தவர் என்றோ முடிவு கட்டுதல் இயல்பு. இவ்விரு முடிவுகளும் பிழையானவை. இரண்டாவது ஆபத்தும் விளைக்க வல்லது. எனவே, வேறுபாடு எங்கிருந்து தோன்றுகின்றது என ஆராய்தல் பயனுடைத்து.

திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவம் என்பது நோயாளர், வைத்தியர், மருந்து, அருகிருந்து பேணுவோர் என்னும் நான்கு உறுப்புகளால் ஆவது எனக் காட்டுகின்றது. சத்திரசிகிச்சையில் மருந்தின் இடத்தை முறை பெறுகின்றது. அவ்வளவே மாற்றம். வைத்தியர்க்கு வைத்தியர் காணும் வேறுபாட்டை இந்நான்கின்வழி நோக்கின் குழப்பம் நீங்கும்.

முதலில் முறையை எடுத்துக்கொள்வோம். ஒரே குறைக்குப் பல முறைகள் வழங்குதல் இக்காலத்துப் புதுமையன்று. அறுபட்ட மூக்கைத் திரும்ப அமைக்கும் சிகிச்சையே இதற்குப் பழஞ்சான்று. வடமொழிச் சுசுருத சங்கிதை, மூக்கின் அளவுக்கு ஓர் இலையை வெட்டி, அவ்வளவிற் கன்னத்துத் தோலை எடுத்துப் பொருத்துமாறு கூறுகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் புனே நகரில் கையாளப்பட்ட முறையோ நெற்றித்தோலைக் கொண்டது. மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு வண்டியோட்டிய கவாசுஜி என்பவர் சிறைப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். அவருக்கு இம்முறையிற் புதுமூக்கு அமைக்கப்பட்ட செய்தி இலண்டனின் ‘ஜென்டில்மன்ஸ் மகசின்’ இதழில் 1794ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வெளிவந்தது. அதனைப் படித்தறிந்த ஆங்கிலச் சத்திர வைத்தியர் கார்ப்யூ 1814இல் அம்முறையைத் தாமே செய்து, 1816இல் நூலாக்கினார். இத்தாலியின் பொலோஞா நகரத்துத் தக்லியாகொற்சியோ, 1597இல் வெளியிட்ட நூலில், மேற்கைத் தோலைக் கொண்டு மூக்கமைக்கும் வழியை விரித்திருந்தார்.

இம்மூன்றிலும் குணமாகும் காலமும் துன்பமும் ஒன்றல்ல. கைத்தோலைக் கொண்டால், ஒட்டும்வரை கையைத் தலையோடு சேர்த்துக் கட்டி வாரக்கணக்கில் வைத்திருத்தல் வேண்டும். நெற்றித்தோலைக் கொண்டால் கை விடுதலை பெறும்; ஆயின் நெற்றியில் வடு நிலைக்கும். கன்னத்துத் தோலைக் கொண்டால் வடு கன்னத்துக்கு மாறும். எதனை எங்கிருந்து எடுத்து எவ்வாறு நிறுத்துகின்றோம் என்பதே ஆறுதலின் கால அளவை வகுக்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

முகத்தளர்வு நீக்கலிலும் இவ்வுண்மையே அமைந்துள்ளது. முகத்தின் தோலுக்குக் கீழே கொழுப்பு; அதன்கீழே தசையும் நாருறையும் கலந்த மெல்லிய படலம்; அப்படலத்துக்கும் கீழே, முகத்தசைகளை இயக்கும் நரம்பின் கிளைகள். அந்நரம்பு ஐந்து பெருங்கிளைகளாகப் பிரிந்து செல்வது. காதின் அருகே உமிழ்நீர்ச் சுரப்பி அக்கிளைகளைப் போர்த்து நிற்கும். கன்னத்தின் நடுவை நோக்கிச் செல்லச் செல்ல அக்காப்பு நீங்கும். சிரிப்பும் கண்மூடுதலும் இந்நரம்பின் செயல்களாகலின், எவ்வளவு ஆழம் செல்வது, எவ்வளவு தூரம் செல்வது என்பவையே ஒவ்வொரு முறையையும் பிரித்துக் காட்டும் வினாக்களாகும்.

இத்துறையின் தொடக்கம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி. பெர்லின் நகரத்து ஹொலேண்டர் தாம் 1901இல் இதனைச் செய்ததாகப் பின்னர் எழுதினார். பாரிசு நகரத்துப் பெண் வைத்தியர் சுசான் நோயெல் 1926இல் அழகுச் சத்திரசிகிச்சையையும் அதன் சமுதாயப் பயனையும் பற்றி நூலொன்றை வெளியிட்டார். அக்காலத்து முறைகள் பெரும்பாலும் தோலளவில் நின்றன. சிறு துண்டுத் தோலை நீக்கித் தைத்தலால் நோயாளர் விரைவில் வீடு திரும்பினர். ஆயின், தளர்ந்த அடிப்பகுதியின் பாரம் முழுவதையும் தோல் ஒன்றே தாங்க நேர்ந்தது. இழுவிசை மிகுந்த தோல் விரைவில் மீண்டும் தளரும், வடு அகலும், காதுமடல் கீழ்நோக்கி இழுபடும்.

இக்குறையை நீக்க எழுந்ததே ஆழ்முறை. சுவீடன் நாட்டு ஸ்கூக் 1974இல் தோலையும் அடிப்படலத்தையும் ஒருசேர உயர்த்தும் வழியை விளக்கினார். 1976இல் மிட்ஸ், பெய்ரோனி என்னும் பிரெஞ்சு வைத்தியர் இருவர் அப்படலத்தின் அமைப்பை வரையறுத்து வெளியிட்டனர். அதன்பின் படலத்தை மடித்துத் தைப்போர், அதில் ஒரு பகுதியை வெட்டி இணைப்போர், அதனை விடுவித்து உயர்த்துவோர் எனப் பல பிரிவினர் தோன்றினர். அமெரிக்காவின் ஹம்ரா 1990இல் படலத்தின் கீழே கன்னத்தின் நடுப்பகுதிவரை செல்லும் ஆழ்தள முறையை வெளியிட்டார். மறுபுறத்தில், பெல்ஜியத்தின் தொனார், வெர்ப்பேல் ஆகியோர் குறுங்கீறலின்வழி உள்ளிழைகளை நூலால் மேலே தாங்கும் முறையை 2002இல் எடுத்துரைத்தனர். ஒரே பெயரால் வழங்கும் சிகிச்சைக்குள் இத்தனை வேறு செயல்கள் அடங்கியிருத்தலால், ‘ஃபேஸ்லிஃப்ட் செய்தவர்’ இருவரின் நாட்கணக்கை ஒப்பிடுதல், மாட்டுவண்டியிற் சென்றவரையும் புகையிரதத்திற் சென்றவரையும் பயணம் செய்தோர் என்ற ஒரு சொல்லால் ஒப்பிடுதல் போன்றதாகும்.

அங்ஙனமாயின் இவற்றுட் சிறந்தது எது? இவ்வினாவை நேர்மையாக ஆராய்ந்தோர் உளர். 1996இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றில், நோயாளரின் முகத்தின் ஒரு பக்கத்தில் எளிய படல முறையும் மறுபக்கத்தில் விரிந்த முறையும் செய்யப்பட்டன. ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் நோக்கியபோது இரு பக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. மற்றோராய்வில், உருவொத்த இரட்டையர் இரு சோடியினர்க்கு, நால்வர் வைத்தியர் தத்தம் முறையில் ஆளுக்கொருவராகச் சிகிச்சை செய்தனர். பத்தாண்டு கழித்து எடுத்த படங்களோடு அவ்வாய்வு 2009இல் வெளிவந்தது. நான்கு முறைகளும் பயன் தந்திருந்தன. ஒன்றே ஏனையவற்றை வென்றது என அனைவரும் ஒப்பத்தக்க தீர்ப்பு எழவில்லை. எண்ணிக்கை சிறிதாகிய இவ்வாய்வுகளைக் கொண்டு எல்லாம் ஒன்றே எனல் தகாது. ஆயினும், முறையின் பெயரிலும் அதனைக் கையாளும் கையின் பயிற்சி பெரிது என்னும் கருத்துக்கு இவை துணையாகின்றன.

இங்கே இரண்டாம் உறுப்பாகிய வைத்தியர் வருகின்றார். சத்திரசிகிச்சை நூலிற் கற்கப்படுவது மட்டுமன்று. ஆசிரியரின் கையருகே நின்று பழகப்படுவதுமாகும். கொழும்பில் 1870இல் மருத்துவக் கல்லூரி தோன்றியது. அதற்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, ‘இரண வைத்தியம்’ என்னும் சத்திர நூலைத் தமிழில் ஆக்கியளித்தார். இன்று இலங்கையிற் சிறப்பு வைத்தியராக விரும்புவோர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்திற் பயின்று, பின் பெரும்பாலும் பிரித்தானியா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் ஒரு காலம் பழகித் திரும்புகின்றனர். ஒருவர் ஒரு மருத்துவமனையின் வழக்கத்தையும், மற்றவர் வேறொன்றின் வழக்கத்தையும் கைக்கொண்டு வருவர். நூறு முறை செய்து பழகிய வழியை விட்டு, முகத்தின் ஆழத்தில் நரம்பு ஓடும் இடத்திற் புதுவழி தேடாமை அவரது குறையன்று, பொறுப்பே. வடிகுழாய் வைப்போரும் வையாதோரும், முழு மயக்கம் கொடுப்போரும் இடமரத்துச் செய்வோரும், இறுகக் கட்டுவோரும் கட்டாதோரும் இவ்வாறே பிரிகின்றனர்.

மூன்றாவது உறுப்பு நோயாளர். ஒரே வைத்தியர், ஒரே முறை. எனினும் இரு முகங்கள் ஒன்றுபோல ஆறுவதில்லை. இச்சிகிச்சையில் மிகுதியாக நேரும் இடர் தோலின்கீழ்க் குருதி தேங்குதல். உயர் குருதியமுக்கம் உடையோர்க்கும் ஆண்களுக்கும் இது கூடுதல். புகைத்தல் தோலின் நுண்ணிய குருதிக்குழாய்களைச் சுருக்கும். உயர்த்தப்பட்ட தோல் ஊட்டமின்றிக் கருகும். புகைப்போர்க்கு இத்தீங்கு ஏறத்தாழ 12 மடங்கு என 1984இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. நீரிழிவு புண்ணாறுதலைத் தாமதப்படுத்தும். இவையன்றி நம்மவர் சிறப்பாக எண்ணவேண்டியதொன்றுண்டு. வெண்தோலினரை நோக்கி எழுதப்பட்ட மேனாட்டு நூல்களின் நாட்கணக்கு நம் தோலுக்கு அப்படியே பொருந்தாது. கருமை மிகுந்த தோலில் வடு தடித்தலும், காயம்பட்ட இடம் கறுத்து நெடுநாள் நிற்றலும் அதிகம். கொழும்பின் வெயில் அக்கருமையை மேலும் வளர்க்கும். ஆகவே, ரொறன்ரோவில் உள்ள உறவினரின் மூன்று வாரம் இங்கே மூன்று வாரமாக இருத்தல் வேண்டும் என்பதில்லை.

நான்காவது உறுப்பு அருகிருந்து பேணுவோர். குருதி தேங்குதல் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துள் நிகழ்வது. ஒரு பக்கத்தில் மட்டும் வலியும் வீக்கமும் திடீரென மிகுமாயின், அதனை உடனே வைத்தியர்க்கு அறிவிக்க ஒருவர் அருகே வேண்டும். தாமதித்தால் தோல் அழியும். மருத்துவமனைக்குக் கூப்பிடு தூரத்தில் வெள்ளவத்தையில் வாழ்பவரும், ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து யாழ்ப்பாணத்துக்கு மறுநாளே திரும்ப எண்ணுபவரும் இவ்வகையில் ஒருநிலையினர் அல்லர். பின்னவரைச் சில நாள் கொழும்பிலே தங்குமாறு பணிக்கும் வைத்தியர், குணமாதலைத் தாமதிப்பவர் அல்லர். தம் கடமையைச் செய்பவர்.

இந்நான்கனோடு, சொல்லால் விளையும் வேறுபாடொன்றும் உண்டு. ‘குணமாதல்’ என்னுஞ் சொல்லை ஒவ்வொருவரும் வெவ்வேறு எல்லையிலிருந்து எண்ணுகின்றனர். காதின் முன்னுள்ள தையல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் நீக்கப்படும். கன்றிய நிறமும் வெளிப்படையான வீக்கமும் இரண்டு மூன்று வாரத்தில் தணியும். காதோரத்து மரமரப்பு நீங்க மாதங்கள் ஆகும். வடு முதிர்ந்து மங்க ஓராண்டும் ஆகலாம். தையல் நீக்குதலைக் குணம் எனக் கொண்டவர் ஒரு வாரம் என்பார். திருமண வீட்டுக்குச் செல்லத்தக்க தோற்றத்தைக் கொண்டவர் ஒரு மாதம் என்பார். உணர்ச்சி திரும்புதலைக் கொண்டவர் அரையாண்டு என்பார். மூவரும் உண்மையே உரைத்தவராவர்.

ஆகவே, இச்சிகிச்சையை நாடுபவர் ‘எத்தனை நாள்?’ என்று மட்டும் வினவுதல் போதாது. எந்தப் படலம்வரை செல்வீர்? என் முகத்துக்கு அம்முறையைத் தேர்ந்தது ஏன்? இதனை எத்தனை முறை செய்துள்ளீர்? எதுவரை ஆறியதைக் குணம் என்கின்றீர்? இரவில் இடர் நேரின் யாரை அழைப்பது? இவ்வினாக்களுக்கு அமைதியாக விடை தருபவரே நம்பத்தக்கவர். அவரது பெயர் இலங்கை மருத்துவச் சபையின் பதிவேட்டில் உண்டா எனவும், பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் அவர் பெற்ற பயிற்சி யாது எனவும் முன்னரே அறிதல் நன்று. நோயாளரும் தம் பக்கத்து உண்மையை மறைத்தல் ஆகாது. புகைப்பழக்கம், குருதியமுக்கம், உட்கொள்ளும் அசுப்பிரின், நாட்டு மருந்து, மீனெண்ணெய் மாத்திரை ஆகிய யாவற்றையும் சொல்லுதல் வேண்டும். இவற்றுட் சில குருதி உறைதலைத் தடுப்பன.

இவ்வறிவு செல்வர் சிலரின் அழகு விருப்பத்துக்கு மட்டும் உரியது எனக் கருதுதலும் பொருந்தாது. முகநரம்பு செயலிழந்து ஒரு பக்கம் சரிந்தவரின் வாயோரத்தை உயர்த்தி நிறுத்துவதற்கும், விபத்தாற் சிதைந்த முகத்தைச் சீர்செய்வதற்கும் துணைநிற்பது இதே படல அறிவே. அங்கும் வைத்தியர்க்கு வைத்தியர் முறை வேறுபடும். அங்கும் இவ்வினாக்களே வழிகாட்டும்.

வேறுபாடு என்பது அறியாமையின் அடையாளம் அன்று. நான்கு உறுப்புகளும் ஒவ்வொருவரிடத்தும் வெவ்வேறாய்க் கூடுதலின், விளைவும் வேறாதல் இயற்கை. காரணம் சொல்லப்படும் வேறுபாட்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை. காரணம் கேட்டும் விடை கிடையாதவிடத்து, சொன்ன நாட்கணக்கு எத்துணைச் சிறிதாயினும், அங்கே முகத்தை ஒப்படையாமையே அறிவுடைமை.