குழந்தை சொத்தா, கொடையா?

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



ஞாயிறு திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தேன். ஒரு தாய் வாசலில் தயங்கி நின்றார். திருமணமாகாத மகனுக்குப் புற்றுநோய். சென்னையில் கீமோ சிகிச்சை தொடங்க இருந்தார்கள். "சாமி, மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி பையனோட விந்தணுவை எடுத்துச் சேமிச்சு வைக்கிறீங்களான்னு டாக்டர் கேக்குறார். இது பாவமா சாமி? யார்கிட்ட கேக்குறதுன்னே தெரியல" என்றார். அவரிடம் சொன்னதையே இன்று உங்களிடமும் சொல்கிறேன்.

முதலில், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மருத்துவர் தம் கடமையைச் செய்கிறார். கீமோ மருந்து, வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத் தாக்குகிறது. புற்றுநோய்ச் செல்கள் அப்படிப்பட்டவை. விந்தணுவை உண்டாக்கும் செல்களும் அப்படிப்பட்டவையே. சிகிச்சைக்குப் பின் சிலருக்கு விந்தணு உற்பத்தி திரும்பிவிடுகிறது, சிலருக்குத் திரும்புவதில்லை. அது மருந்தின் வகையையும் அளவையும் பொறுத்தது. அதனால்தான் மருந்து ஏற்றும் முன்பே இந்தக் கேள்வி.

சேமிக்கும் முறை நம் பகுதிக்குப் புதிதல்ல. கறவை மாடு வைத்திருப்பவர்களுக்குச் சினை ஊசி தெரியும். வெண்புகை எழும் குடுவையிலிருந்து மெல்லிய குச்சி ஒன்றை எடுப்பார்களே, அந்தக் குடுவையில் இருப்பது திரவ நைட்ரஜன். அதன் குளிர் மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் அணுவின் இயக்கம் நின்றுவிடும், ஆண்டுக்கணக்கில் கெடாது. உறையும் நீர் பனிப்படிகமாகி அணுவைச் சிதைக்காமல் இருக்க கிளிசரால் சேர்க்கலாம் என்று 1949ல் இங்கிலாந்தில் கண்டறிந்தார்கள். உறைந்த மனித விந்தணுவால் கருத்தரிப்பு நிகழ்ந்ததாக 1953ல் அமெரிக்காவின் அயோவாவிலிருந்து அறிவித்தார்கள்.

மாட்டுக்குச் செய்வதை மனிதனுக்கும் செய்தால் என்ன என்று கேட்கலாம். 2024 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இந்தக் கேள்வியை நம் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டது. திருமணமாகாத இளைஞர் ஒருவர், கீமோவுக்கு முன் 2020ல் டெல்லி சர் கங்காராம் மருத்துவமனையில் விந்தணுவைச் சேமித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். அவருடைய வயதான பெற்றோர் அதைத் தங்களிடம் தரும்படி கேட்டார்கள். சட்டத்தில் அதற்கு வழியில்லை என்றது மருத்துவமனை. வழக்கை விசாரித்த நீதிபதி பிரதிபா சிங், இறந்தவரின் சம்மதம் விளங்கினால், இறப்புக்குப் பின் குழந்தை பெறுவதை இந்தியச் சட்டம் தடுக்கவில்லை என்றார். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு பெற்றோரிடம் ஒப்படைக்க உத்தரவிட்டார். அந்த விந்தணு இறந்தவரின் சொத்து, பெற்றோர் அவருடைய வாரிசுகள் என்பது தீர்ப்பின் ஒரு முக்கியமான காரணம்.

பிள்ளையைப் பறிகொடுத்த அந்தப் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் துயரத்தில் யாரும் எதையும் பற்றிக்கொள்வார்கள். ஆனால் "சொத்து" என்ற சொல்லிடம் சற்று நிற்போம். நிலத்துக்குப் பட்டா உண்டு, நகைக்கு ரசீது உண்டு. நாளை பிறக்கப்போகும் ஒரு மனிதரின் தொடக்கத்தை அந்த வரிசையில் வைக்கலாமா? இறந்த மகனின் இடத்தை நிரப்பவே ஒரு குழந்தை பிறந்தால், அது தன் வாழ்வை வாழுமா, இன்னொருவரின் நினைவுச் சின்னமாக வாழுமா?

1987ல் இத்துறை பற்றித் திருஅவை வெளியிட்ட போதனை ஏட்டுக்கே 'உயிர் எனும் கொடை' என்றுதான் பெயர். குழந்தை, கணவனும் மனைவியும் தங்களை ஒருவருக்கொருவர் கையளிக்கும் அன்புறவில் பிறக்க வேண்டும். ஆய்வகம் அந்த உறவின் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்கிறது அது. ஆகவே விந்தணுவைத் தனியே எடுத்துச் சேமித்து, பின்னர் செயற்கை முறையில் கருவுறச் செய்யும் வழியைத் திருஅவை ஏற்பதில்லை. இதை மறைத்துச் சொல்வது அந்தத் தாய்க்கு நான் செய்யும் உதவியாகாது.

இத்துடன் வேறு சிலவற்றையும் சொல்ல வேண்டும். உயிர் காக்கும் சிகிச்சையால் மகப்பேறு வாய்ப்பு குறைந்தால் அது பாவமே அல்ல. தயங்காமல் சிகிச்சை பெறுங்கள். வாய்ப்பைக் காக்கும் பிற வழிகளைக் கேளுங்கள்: குறைவாகப் பாதிக்கும் மருந்து உண்டா, கதிர்வீச்சின்போது விதைப்பைக்குக் கவசம் இட முடியுமா? விந்தணு என்பது கருவல்ல, தனி மனிதரும் அல்ல. உறைந்த கருவையும் இதையும் ஒன்றாக எண்ணிக் கலங்க வேண்டாம். செயற்கை முறையில் பிறந்த பிள்ளையும் இறைச் சாயலே. அதன் மாண்பில் அணுவளவும் குறைவில்லை. ஏற்கெனவே சேமித்து வைத்தவர்கள் இருப்பீர்கள். பயத்தின் நடுவே எடுத்த முடிவுக்காக உங்கள்மீது கல்லெறிய இங்கு யாருமில்லை. ஆனால் நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். உங்களுக்குப் பின் அது என்ன ஆகும் என்பதைப் பிறர் நீதிமன்றத்தில் முடிவுசெய்யும்படி விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. நோயிலிருந்து மீண்ட மகனுக்குப் பெண் பார்க்கும்போது இதை மறைக்காதீர்கள். குழந்தை இல்லையென்றால் நம் ஊரில் முதல் ஏச்சு மருமகளுக்குத்தான். குறை யாரிடம் என்று தெரிந்துகொண்டே அவளை 'மலடி' என்று ஊர் பேசவிடுவது அநீதி. பிள்ளை பெற்றால்தான் ஆண் என்று எந்த மறைநூலும் சொல்லவில்லை.

விவிலியத்தில் அன்னாவைப் பாருங்கள். அழுது மன்றாடிப் பெற்ற சாமுவேலை, பால்குடி மறந்ததும் சீலோவுக்குக் கொண்டுபோய் ஆண்டவருக்கே கையளித்தாள். கையில் வாங்கியபோதும் திருப்பிக் கொடுத்தபோதும் அவன் அவளுக்குக் கொடைதான். சூசையப்பரோ, தன் இரத்தத்தில் பிறவாத மகனை வளர்த்துத் தச்சுத்தொழில் கற்றுக்கொடுத்தார். அவரைத் தந்தை என்று அழைக்க நாம் தயங்கியதில்லை.

இதையெல்லாம் கேட்ட அந்தத் தாய் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பையன் பொழைச்சு வந்தா போதும் சாமி" என்றார். இருவரும் மாதா பீடத்தின் முன் மண்டியிட்டு அதற்காகவே மன்றாடினோம். நீங்களும் இன்று அவனுக்காக ஓர் அருள்நிறை மரியே சொல்லுங்கள்.

இறையாசீர் உங்கள் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.