வந்த பூனையும் இருந்த பூனையும்

சந்தையடியிலிருந்து பிள்ளைகள் குட்டியொன்றைத் தூக்கிவந்து குசினிக்குள் விடுகிறார்கள். அடுப்படியில் ஐந்தாண்டுகளாக அரசாண்ட கடுவன் முதுகை வளைத்துச் சீறுகிறது. ஒரு கிழமை ஓயாத சண்டை. பின்னர் ஒருநாள் இரவு, குட்டி சாக்கினுள் கட்டப்பட்டுச் சந்தைக்கே திரும்பிப் போகிறது. பிள்ளைகள் அழுவர், பெரியவர்கள், “இரண்டும் ஒத்துவராது” என்பர். யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு இக்கதை புதிதன்று. ஒத்துவருவதற்கு நாம் நாள் கொடுப்பதில்லை என்பதே என் எண்ணம்.

(நாம் ஆண் பூனையைக் கடுவன் என்கிறோம். தொல்காப்பிய மரபியலிலோ அப்பெயர் ஆண் குரங்குக்கு உரியது. மாணவர்கள் குறித்துக்கொள்வார்களாக.)

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை. தனித்து வேட்டையாடும் விலங்கு அது. சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் மனிதர் ஒருவருக்கு அருகே புதைக்கப்பட்ட பூனையொன்றின் எலும்புகள் கிடைத்ததை ஆய்வாளர் 2004ஆம் ஆண்டில் அறிவித்தனர். மனிதனோடு அத்துணை நெடிய உறவு இருந்தும், தன் எல்லைக்குள் வரும் மற்றொரு பூனையைப் பொறுத்தல் அதற்கு இன்றும் எளிதன்று.

அவ்வெல்லையை அது பெரும்பாலும் மூக்கினால் அறிகிறது. கதவு நிலையிலும் நம் காலிலும் கன்னத்தை உரசுவது கொஞ்சுவதற்காக மட்டுமன்று; தன் மணத்தையும் பூசிச் செல்கிறது. ஆதலால் புதியதை முகங்காட்டுமுன் மணத்தால் அறிமுகஞ் செய்தல் வேண்டும். குட்டியைத் தனியறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். பழைய சாரத் துணியினால் அதன் கன்னத்தைத் துடைத்து, மூத்த பூனை நடமாடும் இடத்தில் இடுங்கள். மூத்ததன் மணம் ஏறிய துணியைக் குட்டியிடம் வையுங்கள். மூடிய கதவின் இருபுறமும் சற்றுத் தள்ளி மீன்சோறு வைத்து, நாளுக்குச் சிறிதாகக் கோப்பைகளைக் கதவை நோக்கி நகர்த்துங்கள். இரண்டும் கதவடியில் அமைதியாக உண்ணத் தொடங்கியபின் கதவை ஒரு விரற்கடை திறக்கலாம். சில வீடுகளில் ஒரு கிழமை போதும்; சிலவற்றில் இரண்டு மாதமும் செல்லும்.

கோப்பை, தண்ணீர், மணற்பெட்டி யாவும் வேறு வேறாக, வேறு மூலைகளில் இருத்தல் நன்று. மணற்பெட்டி மூன்று வைத்தால் இன்னும் நன்று. சண்டை மூண்டால் கையை நடுவே நீட்டவே கூடாது. சுளகொன்றை இடையில் பிடித்து மறையுங்கள். அடித்தால் அந்த நோவையும் புதியதன் வருகையோடு சேர்த்தே பூனை நினைவிற்கொள்ளும். கருத்தடைச் சத்திரசிகிச்சை கடுவன்களின் சண்டையைப் பெரிதும் குறைக்கும். மிருக வைத்தியரிடம் செல்லும்போதே நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியும் போட்டுவிடலாம்.

வேலியோரத்துக் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பெயருண்டு. அதன் வேரை மோந்த பூனை மயங்கி உருளும். சந்திப்பு நாளில் அதைக் கொடுக்கலாமே என்று சிலர் எண்ணக்கூடும். நான் பரிந்துரையேன், கிளர்ச்சியுற்ற பூனை சண்டைக்கும் எளிதில் எழும்.

இரண்டும் ஒரே சாக்கில் சுருண்டு படுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒன்று விறாந்தையையும் மற்றொன்று குசினியையும் பங்கிட்டுக்கொண்டு வாழ்நாளைக் கழிப்பதும் உண்டு. கடுவன் குட்டியைத் திரும்பியும் பாராமல் கடந்துபோகும் நாள் வரட்டும். அன்றிரவு அறைக் கதவைத் திறந்தே விடலாம்.