துபாய் வண்டி சுவாமிமலைக்கு வருமா?

வெளிநாட்டில் சம்பாதித்து ஊர் திரும்பும் டெல்டாக்காரர்கள் சிலருக்கு இப்படி ஓர் ஆசை உண்டு. அங்கே ஓட்டிய லேண்ட் க்ரூஸரையோ பஜேரோவையோ கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, சுவாமிமலையில் நிறுத்தி வாடகைக்கு விட்டால் என்ன? ஆசையில் நியாயம் இல்லாமல் இல்லை. அறுபது படி ஏறி முருகனைக் கும்பிட்டு, ஸ்தபதிகளின் பட்டறையில் மெழுகுச் சிலைக்கு வண்டல் மண் பூசுவதைப் பார்த்துவிட்டு, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், தஞ்சைப் பெரிய கோயில் என்று சுற்றும் குடும்பங்களுக்கு வண்டி தேவைதான். அந்த வண்டி கடல் தாண்டித்தான் வரவேண்டுமா?

துபாய்க் கனவு ஸ்டியரிங்கிலேயே முடிந்துவிடும். வளைகுடா வண்டிகள் இடப்பக்க ஸ்டியரிங் கொண்டவை. இந்தியாவுக்குள் வரும் பழைய வண்டிக்கு ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பது இறக்குமதி விதி. சிங்கப்பூர், மலேசியா, ஜப்பான் வண்டிகள் இதில் தேறும். ஆனால், தயாரித்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. முகப்பு விளக்கு இடப்பக்கச் சாலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இறக்குவதற்கு மும்பைத் துறைமுகம் மட்டுமே. சென்னையிலோ தூத்துக்குடியிலோ இறக்க முடியாது. வந்த பிறகு புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற வாகனச் சோதனை நிறுவனத்தில் சோதனையும் உண்டு.

அடுத்தது வரி. சுங்க வரி மட்டுமே வண்டியின் மதிப்பைத் தாண்டிப் போகும். அதையும் சேர்த்த தொகையின் மேல் ஜி.எஸ்.டி. விழும். விலை, கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்து 20 லட்ச ரூபாய்க்கு வரும் வண்டி, கைக்கு வரும்போது 60 லட்சத்தைத் தாண்டிவிடும். கோயில் சவாரியில் அந்தப் பணத்தை எடுப்பது எந்தக் காலம்? அடுத்த நாட்டுக்காரர் கழித்துக் கட்டும் வண்டிகள் இங்கே வந்து குவியக் கூடாது என்பதற்காகவே வைத்த வேலி இது.

ஜீப்பும் ஜீப்னியும்

ஒரு காலத்தில் இப்படி இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் படை பிலிப்பைன்ஸில் விட்டுப்போன ஜீப்புகளை மணிலாக்காரர்கள் நீட்டி, பெஞ்ச் போட்டு, 'ஜீப்னி' என்று ஊர் முழுக்க ஓட்டினார்கள். இங்கே மகிந்திரா நிறுவனம் வில்லீஸ் ஜீப்பைப் பாகங்களாக இறக்கி, பம்பாயில் பூட்டித்தான் வண்டித் தொழிலுக்குள் வந்தது.

அந்த மணிலா வேலையை இன்று சுவாமிமலையில் செய்தால் வண்டி சாலைக்கு வர முடியாது. கூரையை அறுப்பதும், பின்னால் எதிரும் புதிருமாக சீட் போடுவதும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதாகும். அப்படி மாற்றிய வண்டியைப் பதிவு செய்யக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

போர்டு மாற்றும் வழி

ஆசைப்பட்டவர்களுக்கு உள்ளூரிலேயே வழி இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள பழைய பொலிரோவோ ஸ்கார்ப்பியோவோ வாங்கி, சொந்த உபயோகத்துக்கான 'ஓன் போர்டை' வாடகைக்கான 'டி போர்டாக' மாற்றலாம். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் முதலில் தடையின்மைச் சான்று. பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வகை மாற்றம், வரி வித்தியாசம், எஃப்.சி. எனும் தகுதிச் சான்று, பெர்மிட், வாடகை வண்டிக்கான இன்சூரன்ஸ், மஞ்சள் நம்பர் பிளேட். சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பதிவு அங்கே கேட்பார்கள். துரு அரித்து ஓர் எழுத்து தெரியாமல் போனாலும் வேலை நின்றுவிடும். எனவே வாங்கும்போதே குனிந்து அந்த எண்ணைப் பார்த்துவிட வேண்டும்.

டி போர்டு வண்டிக்கு முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், அதன் பிறகு வருஷா வருஷமும் எஃப்.சி. காட்ட வேண்டும். ஓட்டுநர் விஷயத்தில் ஓர் ஆறுதல் உண்டு. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியைச் சாதாரண எல்.எம்.வி. உரிமத்திலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது.

ராணுவம் கழித்த ஜிப்ஸி, ஜீப் மேல் கண் வைப்பவர்கள் ஏலத் தாளைப் படிக்க வேண்டும். பழைய இரும்பாக விற்றதென்றால் அதை மறுபடி பதிவு செய்ய முடியாது.

சில பேர் இந்த வேலையே வேண்டாமென்று வெள்ளை போர்டிலேயே வாடகைக்கு ஓட்டுகிறார்கள். சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸ், கூலிக்கு ஆள் ஏற்றிய வண்டிக்கு உதவாது. ஒரு விபத்து நடந்தால் இழப்பீடு முழுக்க உரிமையாளர் தலையில்தான் விழும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். காவிரிப் படுகை சமதளம். கும்பகோணத்துச் சந்துகளில் திரும்பக் கூடிய, ஏ.சி. வேலை செய்யும், பாட்டி சிரமமில்லாமல் ஏறி இறங்கும் வண்டியைத்தான் கோயில் சுற்ற வருகிறவர்கள் கேட்பார்கள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு இங்கே வேலை குறைவு. ஊரோடு தொழில் தொடங்க நினைப்பவர்கள் கப்பல் ஏஜென்டுக்கு முன்பணம் கட்டும் முன், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.